முன்னிருக்கையும் பின்னிருக்கையும்

பண்டைக் காலத்துத் தேர்களில் பாகன் ஒருவனும் வில்லாளி ஒருவனும் இருந்தனர். பாகன் குதிரைகளைச் செலுத்துவான். வில்லாளி அம்பு எய்வான். இருவர் அமர்ந்து செல்லும் போர் விமானத்திலும் வேலைப் பிரிவினை இத்தகையதே என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று.

அமெரிக்க நாட்டில் உருவாகி, 1958 ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த ஜெட் போர் விமானம் 'ஃபாண்டம்' ஆகும். அதன் முன்னிருக்கையில் அமர்பவர் விமானி. விமானத்தைச் செலுத்துவதும் ஏவுகணையை விடுப்பதும் ஆகிய இரண்டும் அவர் கடமைகளே. அங்ஙனமாயின் பின்னால் அமர்ந்திருப்பவருக்கு வேலை யாது?

அவர் கையில் இருப்பது ராடார். வானொலி அலைகளை அனுப்பி, அவை பட்டுத் திரும்புவதைக் கொண்டு தொலைவிலுள்ள பொருளை அறியும் கருவி அது. அக்காலத்து ராடார் திரையில் பகைவரின் விமானம் தெளிவான உருவமாகத் தோன்றாது, ஒளிப்புள்ளியாகவே தோன்றும். நிலத்திலிருந்து திரும்பும் அலைகளும் திரையில் குழப்பம் விளைக்கும். குமிழ்களைத் திருகித் திருகி அவற்றினின்றும் உண்மைப் புள்ளியைப் பிரித்தெடுத்தல் வேண்டும். விமானியே இதனையும் செய்யக் குனிந்தால் வானத்தை யார் பார்ப்பது? மணிக்கு 900 கிலோமீட்டர் விரைவில் இரு விமானங்கள் எதிரெதிரே வருமாயின், அவற்றிடையேயுள்ள 15 கிலோமீட்டர் தொலைவு அரை நிமிடத்தில் மறைந்துவிடும்! மேலும், 'ஸ்பேரோ' என்னும் ஏவுகணை இலக்கை அடையும் வரையில் ராடார் அலை அவ்விலக்கின்மீது படிந்தே இருத்தல் வேண்டும்.

பகைவன் நெருங்கிவிட்டாலோ, பின்னிருப்பவரின் வேலை மாறும். அவர் திரையினின்று கண்ணை எடுத்து, பக்கங்களையும் பின்புறத்தையும் நோக்குவார். துரத்தும் ஆர்வத்தில் விமானி மறந்துவிடக்கூடிய எரிபொருள் அளவை நினைவூட்டுவார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. பேச்சு ஒன்றே இருவரையும் இணைக்கும். இருவரும் ஒரே சமயத்தில் பேசினால் இருவர் சொல்லும் பயனற்றுப் போகும். ஆதலின் சொற்கள் சுருக்கமாக இருத்தல் இன்றியமையாதது.

அமெரிக்கக் கடற்படையினர் தம் ஃபாண்டம் விமானங்களின் பின்னிருக்கையில் விமானத்தைச் செலுத்தும் கோலையே வைக்கவில்லை. விமானப்படையினரோ அங்கும் கோல் வைத்து, தொடக்கத்தில் இளம் விமானிகளையே அமர்த்தினர். தம் கையால் ஓட்ட விரும்பிய அவ்விளைஞர்களுக்கு அவ்விடம் உவப்பாயில்லை, அது இயல்பே. பின்னர் ராடார் பயிற்சி பெற்ற வழிகாட்டும் அலுவலர்கள் அவ்விருக்கைக்கு வந்தனர்.

அவ்வாறு வந்தவருள் ஒருவர் சார்லஸ் டிபெல்வியூ. வியட்நாம் போரில், 1972 ஆம் ஆண்டு மே 10 முதல் செப்டம்பர் 9 வரையில், அவர் பின்னிருந்த விமானங்கள் ஆறு மிக் விமானங்களை வீழ்த்தின. நான்கு முறை முன்னிருந்தவர் ஸ்டீவ் ரிச்சி. இரு முறை ஜான் மேடன். விமானப்படை ஒவ்வொரு வெற்றியையும் இருவர் பெயரிலும் முழுமையாகவே எழுதியது. அப்போரில் அமெரிக்கர் எவரும் ஆறுக்கு மேல் பெறவில்லை. விமானிகளாகிய ரிச்சிக்குக் கிடைத்தவை ஐந்தே. டிபெல்வியூ விமானியாவதற்குரிய பயிற்சிக்குச் சென்றதோ, அதன் பின்னரே.