ஊரை விற்கும் உத்தியோகம்



சோப்பு விற்பவர் பையில் சோப்பு இருக்கும். மோட்டார் பம்பு விற்பவர் கடையில் பம்பு இருக்கும். கையில் ஒரு சரக்கும் இல்லாமல் ஒரு ஊரையே விலை பேசுகிற மேனேஜர்களும் உலகில் உண்டு. ஓட்டல் அவருடையது அல்ல. மண்டபமும் அவருடையது அல்ல. விமானமும் ரயிலும் அவர் சொல்படி ஓடுவதில்லை. ஆனாலும், "உங்கள் சங்கத்தின் அடுத்த மாநாட்டை எங்க ஊர்ல நடத்துங்க" என்று அழைத்து வருவதுதான் அவர் வேலை. இதற்குக் கன்வென்ஷன் மார்க்கெட்டிங், டெஸ்டினேஷன் மார்க்கெட்டிங் என்று பெயர். இந்த உத்தியோகத்துக்கு என்ன படிக்க வேண்டும், டிப்ளமோ படித்த நமக்கு அதில் இடம் உண்டா என்று பார்ப்போம்.

தொழில் பிறந்த கதை

இது நேற்று முளைத்த தொழில் அல்ல. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் மில்டன் கார்மைக்கேல் என்ற பத்திரிகையாளர் ஒரு யோசனை எழுதினார். மாநாடுகளுக்கு வெளியூர்க்காரர்கள் தாமாகவே வந்து செலவு செய்துவிட்டுப் போகிறார்கள். நாமே முயன்று அழைத்தால் இன்னும் எத்தனை பேர் வருவார்கள் என்பதே அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1896-ல் அவ்வூர் வியாபாரிகளும் ஓட்டல் முதலாளிகளும் கூடி ஓர் அமைப்பு தொடங்கினார்கள். மாநாடுகளைத் தேடிப் பிடித்து வர முழுநேர ஆளையும் அமர்த்தினார்கள். பிற நகரங்களும் அதே வழியில் நடந்தன. இத்தகைய அமைப்புகளுக்கென 1914-ல் ஒரு சங்கமே உருவாயிற்று. நம் நாட்டில் இந்திய மாநாட்டு மேம்பாட்டு அமைப்பு 1988-ல் தொடங்கப்பட்டது.

வேலைதான் என்ன?

ஆயிரம் டாக்டர்கள் கூடும் மாநாடு என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஓர் அறை, மூன்று இரவு. கணக்குப் போட்டால் 3,000 'ரூம் நைட்'. ஓட்டலுக்கு மட்டுமா வருமானம்? டாக்ஸிக்காரர், சமையல்காரர், பூக்காரர், ஜவுளிக்கடை என்று பலருக்கும் போய்ச் சேரும். எனவே பல ஊர்கள் போட்டி போடும். எத்தனை அறை, என்ன வாடகை, மண்டபத்தில் எத்தனை பேர் அமரலாம், அரசு என்ன உதவி செய்யும் என்று எழுதிக் கொடுப்பதே 'பிட்'. பிறகு சங்கத்தார் நேரில் வந்து பார்ப்பார்கள். கடைசியில்தான் முடிவு.

விளையாட்டுப் போட்டியைப் பிடிப்பதும் இதே வேலைதான். நம் ஊர் உதாரணமே இருக்கிறது. 44-வது செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடப்பதாக இருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் அங்கிருந்து எடுக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு பின்னால் நிற்க, இந்தியா விண்ணப்பித்தது. மார்ச் மாதம் சென்னைக்குக் கிடைத்தது. ஜூலை 28-ல் தொடக்க விழா. நாலே மாசம்! அதற்குள் 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகளுக்குத் தங்க இடம், வண்டி, சாப்பாடு, மாமல்லபுரத்தில் ஆட்டக்கூடம் எல்லாம் தயாராக வேண்டியிருந்தது. வாக்குக் கொடுப்பது சுலபம். கொடுத்த வாக்கை, தனக்குக் கட்டுப்படாத பத்துப் பேரைக் கொண்டு நிறைவேற்றுவதே இந்தத் தொழிலின் உயிர்.

நமக்கு இதில் என்ன?

"அதெல்லாம் இங்கிலீஷ் பேசுற எம்.பி.ஏ.காரங்க வேலைப்பா!" என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். சற்றே சிந்திப்போம். இடம் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் எவை? கரண்ட் போனால் எத்தனை விநாடியில் ஜெனரேட்டர் லோடு எடுக்கும்? கண்காட்சிக்குக் கொண்டுவரும் லேத் மெஷினின் எடையைத் தரை தாங்குமா? லாரி உள்ளே வரும் வாசல் எத்தனை அடி உயரம்? கடைசி வரிசைக்கு மைக் சத்தம் கேட்குமா? இவற்றுக்கு அழகான பிரசுரம் பதில் சொல்லாது. எலக்ட்ரிகல், சிவில், மெக்கானிகல், எலக்ட்ரானிக்ஸ் படித்தவர் சொல்வார். கேட்டரிங் டிப்ளமோக்காரர் ஆயிரம் பேருக்கு ஒரே மணி நேரத்தில் சாப்பாடு போட முடியுமா என்று சொல்வார். தெரிந்து கொடுக்கும் வாக்குக்கும் தெரியாமல் கொடுக்கும் வாக்குக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஏணிப்படிகள்

இந்த வேலைக்கு நேர்வழி ரோடு கிடையாது. ஓட்டலில் பாங்க்வெட் பிரிவு, கண்காட்சி ஸ்டால் அமைக்கும் காண்ட்ராக்ட், டிராவல் ஏஜென்சி, மாநாடு நடத்திக் கொடுக்கும் நிறுவனம், மண்டபத்தின் டெக்னிகல் பிரிவு என எந்த வாசலிலும் நுழையலாம். அங்கிருந்து இரு கிளைகள். ஒன்று, மாநாட்டைப் பிடித்து வரும் விற்பனைப் பிரிவு. மற்றது, பிடித்த மாநாட்டை நடத்திக் கொடுக்கும் சர்வீஸ் பிரிவு. நம் ஆட்களுக்கு இரண்டாவது கிளையில் ஏறுவது எளிது. ஆனால் உச்சிக்குப் போக இரண்டும் தெரிய வேண்டும். அமெரிக்காவில் இத்தகைய பல அமைப்புகள் ஓட்டல் அறை வரியில் நடக்கின்றன. ஆகவே தலைமை மேனேஜர் ஊருக்கே கணக்குச் சொல்ல வேண்டும். பட்ஜெட்டும் பொதுமக்கள் தொடர்பும் அப்போது அவசியமாகின்றன.

படிப்பு

டிப்ளமோவோடு நின்றுவிடாதீர்கள். வேலை பார்த்துக்கொண்டே டிகிரி முடியுங்கள். இக்னோ போன்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் சுற்றுலாப் படிப்புகள் நடத்துகின்றன. 1983-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் சுற்றுலா, பயண மேலாண்மைக் கல்வி நிறுவனம் குவாலியரில் இருக்கிறது. மேலே போக விரும்புவோர் அங்கே எம்.பி.ஏ. படிக்கலாம். உலக அளவில் மதிப்புள்ள சி.எம்.பி. சான்றிதழ் 1985-ல் தொடங்கியது. தேர்வு எழுதுவதற்கு முன்பே சில ஆண்டுகள் இத்துறையில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. டெஸ்டினேஷன் அமைப்புகளின் மேல்நிலை அதிகாரிகளுக்கு சி.டி.எம்.இ. என்று தனிச் சான்றிதழ் உண்டு. கவனித்தீர்களா? இங்கே அனுபவம் முன்னே, பட்டயம் பின்னே!

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆரம்பச் சம்பளம் குறைவு. ராத்திரி வேலை உண்டு. பண்டிகை நாளில் வீட்டில் இருக்க முடியாது. ஆங்கிலத்தில் பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுதத் தெரிந்தே ஆகவேண்டும். "மூணே மாசத்துல ஈவென்ட் மேனேஜர்" என்று விளம்பரம் செய்யும் கோர்ஸில் பணம் கட்டும் முன், அங்கே படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

ஆரம்பிக்க வேறெங்கும் போக வேண்டாம். அடுத்த முறை நம் கல்லூரியில் சிம்போசியம் நடக்கும்போது மேடையில் நிற்க அடித்துக்கொள்ளாமல், ஹால் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை நாற்காலி, எத்தனை கிலோவாட், எத்தனை சாப்பாடு, எவ்வளவு செலவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாளைக்கு இன்டர்வியூவில் "உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டால், அந்த நோட்டை எடுத்து மேஜை மேல் வைக்கலாம்.