பனி வருமுன்னே ஒரு பயணம்

ஆண்டைப் பருவங்களாக வகுத்த நம் முன்னோர் ஆறு எண்ணினர். மேனாட்டார் நான்கே எண்ணினர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் நம் ஆறனுள் 'இலையுதிர்காலம்' என்றொரு பெயர் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் நமக்குக் கூதிர். மழையும் வாடையும் தலைப்பட, வறண்ட நிலம் பசுமை கொள்ளும் காலம். மேல்நாட்டுக் குளிர்நிலங்களிலோ அதே திங்கள்களிற் பசுமை விடைபெறுகின்றது. இலையுதிர்காலம் என்று பாடப்புத்தகத்திற் படிக்கும் நம் மாணவனுக்கு அச்சொல் வாட்டத்தையும் வெறுமையையும் நினைவூட்டுமேயன்றி வண்ணத்தை நினைவூட்டுவதில்லை. உதிர்வதைச் சொன்ன சொல், உதிருமுன் இலை புனையும் கோலத்தைச் சொல்லாது விட்டது.

அக்கோலத்தைக் காண்பதற்கென்றே இலட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் நாடிச் செல்லும் நிலப்பகுதி ஒன்றுண்டு. ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், நியூ இங்கிலாந்து என்னும் பொதுப்பெயரால் வழங்கும் ஆறு மாநிலங்களைக் கொண்டது அது. அவற்றுள்ளும் வெர்மொன்ற், நியூ ஹம்ஷயர் என்னும் இரு மலைநாடுகள் இவ்வழகிற்குப் பேர்போனவை. காரிலும் பஸ்ஸிலும் வருவோர் பெருந்தொகையினர். அவர்களிடையே தனித்ததொரு கூட்டம் மோட்டார் சைக்கிளோட்டிகளுடையது. மற்றையோருக்கு அஃது உல்லாசப் பயணம்; இவர்களுக்கோ ஆண்டின் கடைசிப் பயணம். நவம்பரிற் பனி விழத் தொடங்கினால், ஏப்ரல் வரையில் வண்டி கொட்டகையிலே உறங்க வேண்டியதுதான். ஆகவே ஒக்டோபர் மாதத்து வெயில் நாள் ஒவ்வொன்றும் அவர்களுக்கு எண்ணிச் செலவிடும் பொற்காசு போன்றது.

இலையின் கணக்கு

இலையின் நிறமாற்றத்தை மரத்தின் மூப்பென்று கருதுவோர் உளர். உண்மையில் அது மரம் போடும் கணக்கு. நிலம் உறைந்தபின் வேர் நீரை உறிஞ்சுவது அரிது. இலையோ ஓயாது நீரை ஆவியாக்கும். வரவு நின்ற வீட்டிற் செலவை நிறுத்துவதே அறிவுடைமை. பகல் குறுகத் தொடங்கியதும் மரம் தன் இலைகளிலுள்ள சத்தைக் கிளைக்கும் வேருக்கும் மீட்டுக்கொள்கிறது. பச்சையம் சிதைகின்றது. இலைக்காம்பின் அடியிலே தக்கை போன்றதொரு படை வளர்ந்து, இலைக்கும் கிளைக்கும் இடையேயுள்ள வழியை மெல்ல அடைக்கின்றது.

பச்சையம் நீங்கியதும், கோடை முழுதும் அதன் கீழே மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகின்றது. பேர்ச் மரங்களின் பொன்னிறம் இத்தகையது, புதிதாய் வந்ததன்று. மேப்பிள் மரத்தின் செந்நிறமோ வேறு வகையது. இலையிலே தங்கிய வெல்லத்திலிருந்து, அந்த இறுதி வாரங்களில், அந்தோசயனின் என்னும் செந்நிறப் பொருள் புதிதாக உண்டாக்கப்படுகின்றது. பகலில் நல்ல வெயிலும், இரவில் உறையாத குளிரும் தொடர்ந்து வாய்த்த ஆண்டுகளிற் சிவப்பு மிக்குத் தோன்றும். இவற்றுக்கிடையே ஊசியிலை மரங்கள் மட்டும் கரும்பச்சையாய் நின்று, செம்மைக்கும் பொன்மைக்கும் கரை கட்டினாற்போல் விளங்கும்.

இந்நிறம் ஓரிடத்தில் நிற்பதன்று. வெர்மொன்றின் வட எல்லையில் செப்டெம்பர் இறுதியில் முற்றித் தெற்கே ஒக்டோபர் நடுவில் முற்றும். மலையுச்சியில் முதலிலும் பள்ளத்தாக்கிற் பின்னரும் தோன்றும். எனவே வடக்கிலிருந்து தெற்கே வண்டியோட்டி வருபவன் நிறத்தோடு கூடவே பயணஞ் செய்யலாம். வெர்மொன்றின் நூறாம் இலக்கப் பாதை அதற்கென்றே வகுத்ததுபோல், பசுமலைத் தொடரை ஒட்டி இருநூறு மைலுக்கு மேல் வடக்குத் தெற்காக ஓடுகின்றது. வீதியோர விளம்பரப் பலகைகளை 1968ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் விலக்கிய மாநிலம் அது. ஆதலின் கண்ணுக்கும் மலைக்கும் இடையே பற்பசையோ குளிர்பானமோ குறுக்கிடுவதில்லை. வட எல்லைக்கு அப்பால் கனடாவின் கியூபெக் மாகாணம். மொன்றியலில் வாழும் நம்மவர் காண்பதும் இதே மேப்பிள் காட்டின் தொடர்ச்சியைத்தான். 1965ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுக் கொடியிற் பறப்பதும் இவ்விலையே.

மீண்டு வந்த காடு

இக்காட்டைக் காண்போர் இது தொன்றுதொட்டு இவ்வாறே நின்றதென எண்ணுதல் இயல்பு. அது பொருந்தாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வெர்மொன்றின் மலைச்சரிவுகள் பெரும்பாலும் மொட்டையாய்க் கிடந்தன. மெரினோ என்னும் ஆட்டினத்தின் உரோமத்திற்கு நல்ல விலை கிடைத்த காலம் அது. 1840இல் அம்மாநிலத்தில் மேய்ந்த செம்மறிகள் பதினாறு இலட்சத்திற்கும் மேல். மக்கள் தொகையோ மூன்று இலட்சத்தையும் எட்டவில்லை. பின்னர் உரோமத்தின் விலை வீழ்ந்தது. மேற்கே வளமான நிலங்கள் திறந்தன. உழவர் ஊரைவிட்டு அகன்றனர். மனிதன் விட்டகன்ற புல்வெளியை மரம் மெல்ல மெல்ல மீட்டது. இன்று அம்மாநிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காடு. பழைய உழவர் எழுப்பிய கல்வேலிகள் அடர்ந்த மரங்களுக்கிடையே, எந்த வயலையும் காவாது, இன்றும் நீண்டு கிடக்கின்றன.

நியூ ஹம்ஷயரின் வெண்மலைகளுக்கு நேர்ந்தது வேறு கதை. அங்கே மரவணிகர் சரிவு சரிவாக வெட்டினர். எஞ்சிய சருகிலும் கிளையிலும் தீ மூண்டது. ஆறுகள் வெள்ளத்தாற் கலங்கின. மக்கள் குரலெழுப்பியதன் பயனாக 1911இல் ஒரு சட்டம் பிறந்தது. கிழக்கு மாநிலங்களில் தனியார் நிலத்தை விலைக்கு வாங்கிக் காடாகப் பேணும் உரிமையை அச்சட்டம் நடுவண் அரசுக்கு அளித்தது. அவ்வழியே 1918இல் வெண்மலைத் தேசிய வனம் அமைந்தது. பயணி இன்று காணும் செம்மலையின் பின்னே ஓரிடத்தில் மனிதனின் தோல்வியும், மற்றோரிடத்தில் அவனது நல்லறிவும் நிற்கின்றன.

அவ்வனத்தை ஊடறுத்து, லிங்கனிலிருந்து கொன்வே வரை, ஏறத்தாழ 34 மைல் நீளமான பாதை ஒன்று செல்கின்றது. 1959இல் முற்றாகத் திறக்கப்பட்ட அதற்குக் கங்கமோகஸ் என்பது பெயர். பதினேழாம் நூற்றாண்டில் அந்நிலத்திற்கு உரியராய் வாழ்ந்த பெனகுக் மக்களின் தலைவன் பெயர் அது. 'அஞ்சாதவன்' என்று அதற்குப் பொருள் கூறுவர். குடியேறிய வெள்ளையரோடு போரிட்டு, இறுதியில் தன் மக்களுடன் வடக்கே அகன்றவன் அவன். மண்ணை இழந்தவனின் பெயர் பாதையாய் நிலைத்தது. 2,800 அடிக்கு மேலுள்ள கணவாய் வரை வளைந்து ஏறி இறங்கும் அப்பாதையின் நெடுகிலும் பெற்றோல் நிலையம் ஒன்றுமில்லை. நிரப்பிக்கொண்டே புறப்படல் வேண்டும்.

மேனி அறியும் வழி

காரிற் செல்பவனும் இவ்வண்ணங்களைக் காண்கிறானே, மோட்டார் சைக்கிளோட்டி பெறும் தனிப்பேறு யாது எனக் கேட்கலாம். காண்பது கண்ணின் தொழில்; இங்கே மேனி முழுவதும் வழியை அறிகின்றது. குளிர்ந்த காற்று கனமானது. இரவெல்லாம் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கி நிற்கும். காலையில் மேட்டிலிருந்து ஓடையை நோக்கி இறங்குபவன், குளத்திற் கால் வைத்தவன்போல அக்குளிருக்குள் இறங்குகிறான். மறுகரையில் ஏறும்போது வெயில் தோளைத் தொடுகின்றது. ஈரச்சருகின் வாசம், ஆப்பிள் தோட்டத்தின் இனிய புளிப்பு, எங்கோ மூட்டிய விறகடுப்பின் புகை என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைகின்றன. வளைவிலே உடல் சாய, வண்டியும் உடன் சாய்கின்றது. நடந்து செல்பவன் பெறும் நெருக்கமும், விரைந்து செல்பவன் பெறும் விரிவும் ஒருங்கே வாய்க்கும் ஊர்தி அது.

இதற்கு எதிராகவும் சொல்லத்தக்கது உண்டு. மலையின் அமைதியை நாடிச் செல்பவனின் எஞ்சினே அவ்வமைதியைக் குலைக்கின்றது அன்றோ? கவிஞர் றொபேட் புறொஸ்ற் 1915 முதல் ஐந்தாண்டுகள் வாழ்ந்த பிராங்கோனியாவின் மலையடிவாரம் போன்ற இடங்களில், பேரிரைச்சலெழுப்பும் புகைக்குழாயைப் பொருத்திக்கொண்டு செல்வது, பிறர் வீட்டுப் பூசைவேளையிற் பறை முழக்குவதை ஒக்கும். காட்சியை நாடி வருவோர் கூட்டமே ஊராருக்குத் தொல்லையாதலும் உண்டு. வெர்மொன்றிலுள்ள பொம்ஃபிரெட் என்னும் சிற்றூரில் படம் பிடிப்போரின் நெருக்கடி தாங்காது, 2023ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஊராரல்லாதோருக்குச் சில வீதிகள் மூடப்பட்டன. அழகைத் தேடிச் செல்பவன் அவ்விடத்து விருந்தினன். விருந்தினனுக்கு உரிய அடக்கம் வேண்டும்.

அழகின் அருகே ஆபத்து

இப்பருவத்தின் இனிமைகள் ஒவ்வொன்றும் ஓர் ஆபத்தைக் கையோடு கொண்டு வருகின்றன. வீதியிற் சிந்திய செவ்விலை, மழையில் நனைந்தால் எண்ணெய் பூசிய தரையாகிவிடும். குளிர்ந்த ரயர் விறைத்து, வீதியைப் பற்றும் வலிமை குறைந்திருக்கும். பொன்னொளி பரப்பும் சாய்ந்த கதிரவனே எதிரில் வருபவனின் கண்ணைக் கூசச் செய்வான். வெயில் படாத வளைவில் காலையுறைபனி நெடுநேரம் தங்கும். மேலும் கீழும் காற்றோட்டமுள்ள பாலம், நிலத்திலுள்ள வீதிக்கு முன்னரே உறையும். காற்று 4 பாகை செல்சியஸாக இருக்கும் காலையில், மணிக்கு 55 மைல் வேகத்திற் செல்பவனின் திறந்த மேனிக்கு அஃது உறைநிலைக்கு 4 பாகை கீழேயுள்ளதுபோல் உறைக்கும். விறைத்த விரல் பிறேக்கை நாடுவதற்குள் ஒரு கணம் கழிந்துவிடும். அந்த ஒரு கணத்தில் ஓர் உயிரே அடங்கியிருத்தல் கூடும்.

மூஸ் எனப்படும் பேருருவக் கடமான் இணைதேடி அலைவதும் இப்பருவத்திலேதான். அதன் உடல் கருமையானது, கால்கள் நெடியன. வண்டியின் விளக்கொளி அதன் கண்களை எட்டாமையால் இருளில் அதனை உணர்தல் அரிது. பகலோ நாளுக்கு ஏறத்தாழ மூன்று நிமிடமாகக் குறைந்துகொண்டே வருகின்றது. பொழுது சாயுமுன் தங்குமிடம் சேர்வதே அறிந்தோர் வழக்கம்.

தலைக்கவசத்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். வெர்மொன்றில் அது யாவருக்கும் கட்டாயம். கொனெற்றிக்கற் ஆற்றைக் கடந்து நியூ ஹம்ஷயருள் நுழைந்தால், பதினெட்டு வயது நிரம்பியோருக்குச் சட்டம் அதனை விதிக்கவில்லை. பாலத்தின் நடுவிலே கவசத்தைக் கழற்றலாமா என்னும் வினா பிறக்கின்றது. அரேபியப் பாலைநிலப் போரிற் புகழ்பெற்ற எழுத்தாளர் ரி. ஈ. லோறன்ஸ் விடையாய் நிற்கிறார். மோட்டார் சைக்கிளின் வேகத்தை அவரைப்போல் நேசித்து எழுதியவர் சிலரே. 1935ஆம் ஆண்டு மே மாதத்தில், இங்கிலாந்தின் டோர்செற் நாட்டுப்புற வீதியில், சைக்கிளிற் சென்ற இரு சிறுவர்மேல் மோதாதிருக்க விலகியவர், தூக்கியெறியப்பட்டுத் தலையில் அடிபட்டார். ஆறு நாளின் பின் இறந்தார். அவருக்கு வயது 46. அவரைக் கவனித்த மருத்துவருள் ஒருவரான ஹியூ கெயான்ஸ் அத்துடன் அமைந்தாரல்லர். மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, கவசம் உயிர்காக்கும் என்பதை 1941 முதல் எழுதி நிறுவினார். சட்டம் விட்டுக்கொடுக்கலாம், கல்லும் வீதியும் விட்டுக்கொடுப்பதில்லை.

கல்லும் நிலையானதன்று என்பதற்கு அந்நாட்டிலேயே சான்றுண்டு. பிராங்கோனியா கணவாயின் மேலே, முதியவரின் முகம்போல அமைந்த கருங்கற் பாறை ஒன்று நியூ ஹம்ஷயரின் சின்னமாகவே விளங்கியது. வெடிப்புகளிற் புகுந்த நீர் உறைந்தும் உருகியும் அதனைத் தளர்த்தியது. இரும்புக் கம்பிகளால் இறுக்கியும் பயனின்றி, 2003ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் அது சரிந்து வீழ்ந்தது. அதன் கீழ்ச் செல்லும் வீதியில் இலைகள் ஆண்டுதோறும் உதிர்ந்து, ஆண்டுதோறும் தளிர்க்கின்றன.

வண்டியின் உறக்கம்

முதற்பனி விழுந்து வீதியில் உப்புத் தூவப்பட்டதும் பருவம் முடிந்தது. பனியை உருக்கும் உப்பு இரும்பை அரிக்கும். நல்லோட்டி அதற்கு முன்னரே வண்டியைக் கழுவித் துடைத்து, அழுக்கேறிய எண்ணெயை மாற்றி, தொட்டியில் ஈரம் படியாதவாறு பெற்றோலை முற்றாக நிரப்பி, அது கெடாதிருக்க மருந்து சேர்த்து, பற்றரிக்கு மின்னூட்டும் வழிசெய்து, துணியால் மூடிவைக்கிறான். சத்தை உள்ளே வாங்கிக் காம்பை அடைத்துக்கொள்ளும் மரமும் ஏறத்தாழ இதனையே செய்தது.

இன்னும் ஒரு நாள் ஓடலாமே என்னும் ஆசை எவருக்கும் எழும். அந்த ஒரு நாளின் காலையில் வானத்தையும் வீதியையும் நோக்கி, 'இன்று போகலாம்' என்று துணிவதற்கும், 'இனிப் போதும்' என்று திறவுகோலை ஆணியில் மாட்டுவதற்கும் வேண்டியது ஒரே அறிவுதான். நன்றாக ஓட்டக் கற்றவன் ஆயிரம் மைலில் அதைப் பெறலாம். நிறுத்துமிடம் அறிந்தவனுக்கே அடுத்த வேனிலும் வழி திறக்கும். நமக்கு இலையுதிர்காலம் இல்லையாயினும், பருவம் முடியுமுன் அதனை நிறைவாகத் துய்ப்பதும், முடிந்தபின் முரண்டாது அமைவதும் எந்நாட்டார்க்கும் உரிய பாடமே.