கடலுக்கு அடியில் காவல்காரன்! சோதிக்காமலே ஆயுள் சொல்லும் கணக்கு

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

காலை 6 மணி 28 நிமிடத்துக்கு சுமத்ரா அருகே கடலின் அடியில் பூமி அதிர்ந்தது. பேரலை கிளம்பியது. அது கடலூர் தேவனாம்பட்டினத்துக்கும், சிதம்பரத்தை அடுத்த பரங்கிப்பேட்டைக்கும் வந்து சேர 2 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை நேரம் இருந்தும், "ஓடுங்கள்!" என்று சொல்ல ஆள் இல்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள்.

2007-ம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் தொடங்கியது. வங்கக் கடலின் அடியில் கருவிகளை இறக்கி வைத்தார்கள்.

ஆழ்கடலில் சுனாமி அலை மிகவும் தாழ்வாக இருக்கும். மேலே கப்பலில் இருப்பவருக்கே தெரியாது! ஆனால் அலை கடக்கும்போது தண்ணீரின் கனம் கொஞ்சம் மாறும். அடியில் கிடக்கும் கருவி அதை அளந்து விடும். செய்தியை ஒலியாக மேலே அனுப்பும். மேலே மிதக்கும் மிதவை அதை வாங்கி, செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்பும்.

சரி, அந்தக் கருவியே கெட்டுப் போனால்?

ஆயுளை எப்படிச் சொல்வது?

மின்சார பல்பு என்றால் ஆயிரம் பல்புகளை எரிய விட்டு எண்ணிப் பார்க்கலாம். இந்தக் கருவியோ விலை அதிகம். செய்வதும் சிலவே. ஐந்து ஆண்டு சோதித்து விட்டுத்தான் இறக்குவோம் என்றால், அதுவரை சுனாமி காத்திருக்குமா?

இதற்கு நிபுணர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கருவியைப் பாகம் பாகமாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பாகமும் 10 லட்சம் மணி நேரத்தில் எத்தனை முறை கெடும் என்று பட்டியல் உண்டு. அமெரிக்க ராணுவம் 1960-களிலேயே இப்படி ஒரு புத்தகம் போட்டது. எல்லாவற்றையும் கூட்டினால் கருவியின் கணக்கு வந்து விடும். சூடு, அதிர்ச்சி, உப்புத் தண்ணீர் இவற்றுக்குத் தக்கபடி எண்ணைக் கூட்டிக் குறைப்பார்கள்.

ஓர் உதாரணம். கூட்டுத்தொகை 20 என்று வைத்துக் கொள்வோம். அதாவது 50 ஆயிரம் மணிக்கு ஒரு கோளாறு. ஏறக்குறைய 5 ஆண்டு 8 மாதம். "அதுவரை கவலை இல்லை" என்றுதானே தோன்றுகிறது? தவறு! கெடும் வேகம் எப்போதும் ஒரே அளவு என்று கொண்டால், 100 கருவிகளில் ஓர் ஆண்டு முடிவில் 84 வேலை செய்யும். 50 ஆயிரம் மணி முடியும்போது மிஞ்சுவது 37 மட்டுமே!

அதனால்தான் பக்கத்தில் இன்னொன்றை வைப்பது நல்லது என்கிறார்கள். ஓர் ஆண்டுக்குள் இரண்டும் கெட்டுப் போக 100-ல் 3 பங்கு வாய்ப்புக்கூட இல்லை.

சம்பந்தம் பேசுவது போல!

அந்த அமெரிக்கப் புத்தகத்தைக் கடைசியாகத் திருத்தியது 1995-ல். பின்னால் வந்த பாகங்கள் அதில் ஏது? அப்போது, அதே மாதிரியான பழைய கருவிகள் எப்படி உழைத்தன என்று பார்க்கிறார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் குடும்பத்தை விசாரிப்பது போலத்தான். அனுபவஸ்தர்களையும் கேட்பார்கள். பிறகு கடலில் இருந்து உண்மையான தகவல் வர வர, கணக்கைத் திருத்துவார்கள்.

பட்டியலில் இல்லாத ஆபத்தும் உண்டு. மிதவையை மனிதர்களே சேதப்படுத்துவது! வலை மாட்டும். படகைக் கட்டுவார்கள். சாமான் களவு போகும். பக்கத்தில் இரண்டாவது மிதவை இருந்தால் அதற்கும் அதே கதிதான். மேலே சொன்ன "100-ல் 3" கணக்கு அங்கே எடுபடாது.

2018-ம் ஆண்டு செப்டம்பர் 28-ந் தேதி இந்தோனேசியாவின் பாலு நகரைச் சுனாமி தாக்கியபோது, அந்த நாட்டின் எச்சரிக்கை மிதவைகள் 2012 முதலே வேலை செய்யாமல் கிடந்தன.

மிதவைப் பக்கம் போகாதீர்கள் என்று மீனவர்களிடம் அதிகாரிகள் சொல்லி வருகிறார்கள். ஆனால் மிதவையின் நிழலில் மீன் கூடும். அது மீனவர்களுக்குத் தெரியாதா, என்ன!