குடிக்கணக்கும் இடுகாட்டுப் பதிவேடும்: மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் தேடல் – ஆண்டாப் ஹில் பகுதியை முன்வைத்து

முன்னுரை

முன்னோரைப் பெயர் சொல்லி நினைவில் நிறுத்தத் தமிழ் மரபு பல வழிகளை வகுத்துள்ளது. நீர்க்கடன் ஆற்றுவோருள் ஒரு சாரார் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூவர் பெயரையும் சொல்லி நீர் வார்ப்பர். யாழ்ப்பாணத்தில் இறந்தோரின் முப்பத்தோராம் நாளையொட்டி வெளியிடப்பெறும் 'கல்வெட்டு' என்னும் நினைவுநூல் அக்குடும்பத்தின் வழிமுறையை எழுத்தில் வைக்கிறது. தென் மாவட்டங்களில் கோயில் கொடைக்கு வரி பிரிக்கும்பொழுது எழுதப்படும் தலைக்கட்டுக் கணக்கு, ஊரிலுள்ள குடும்பத் தலைவர்களின் பட்டியலாகவே அமைகிறது. இவை யாவும் குடும்பம் ஊரில் இருக்கிறது என்பதை அடிப்படையாகக் கொண்டவை. ஊரைவிட்டு மூன்று நான்கு தலைமுறைகளுக்கு முன்பே பெயர்ந்துவிட்ட குடும்பத்திற்கு இவற்றுள் எதுவும் முழுமையாகக் கிட்டுவதில்லை.

மும்பையில் தாராவி, மாட்டுங்கா, செம்பூர், ஆண்டாப் ஹில் முதலிய பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நிலை இதுவே. இவர்களுக்கு முன்னோரைத் தேடல் ஓய்வுநேர ஆர்வம் மட்டும் அன்று. உரிமை பற்றிய தேவையும் ஆகும். ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்த பட்டியல் சாதியினர், புகுந்த மாநிலத்தில் அச்சலுகையைப் பெற இயலாது என உச்ச நீதிமன்றம் 1990, 1994ஆம் ஆண்டுகளில் அளித்த தீர்ப்புகளில் கூறியது. 2018இல் அதனை மீண்டும் உறுதிசெய்தது. குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதி ஆணை வெளியான 10.8.1950 அன்று குடும்பம் எங்கே நிலையாக வாழ்ந்தது என்பதே முதன்மையான வினாவாகிறது. மகாராட்டிரத்தில் பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர்க்கு இந்நாள் 13.10.1967 ஆகும். எனவே, அந்நாளில் பாட்டனார் மும்பையில் இருந்தார் என்று காட்டும் ஒரு தாள், பேரனின் கல்லூரி இடத்தையே முடிவு செய்யக்கூடும். அத்தகைய தாள்கள் எவை, அவை எங்கே உள்ளன, அவற்றை எவ்வாறு படித்தல் வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

குடிக்கணக்கு தருவதும் தராததும்

அன்றைய பம்பாய் நகரில் முதல் குடிக்கணக்கு 1864இல் எடுக்கப்பட்டது. அப்பொழுது நகரின் மக்கள்தொகை 8,16,562 எனக் கணக்கிடப்பட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வாணிகம் பெருகி, வேலை தேடி வந்தோர் நகரை நிறைத்த காலம் அது. அவ்வாணிகம் சரிந்தபின் எடுக்கப்பட்ட 1872ஆம் ஆண்டுக் கணக்கில் தொகை 6,44,405ஆகக் குறைந்தது. 1891இல் 8,21,764 ஆக உயர்ந்து, 1896இல் தொடங்கிய கொள்ளைநோயின் விளைவாக 1901இல் 7,76,006 ஆகத் தாழ்ந்தது. மக்கள் வந்ததும் போனதும் மடிந்ததும் இவ்வெண்களில் தெரிகின்றன. ஆனால் ஒரு மனிதரின் பெயரேனும் தெரிவதில்லை.

இதற்குக் காரணம் வெளிப்படை. இந்தியக் குடிக்கணக்கில் வீடுதோறும் எழுதப்பட்ட தாள்கள் தொகைகளைக் கூட்டிய பின் நிலையாகப் பாதுகாக்கப்படவில்லை. மேலும் 1948ஆம் ஆண்டின் குடிக்கணக்குச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனியாள் பற்றிய பதிவுகளைப் பார்வையிடும் உரிமையை எவருக்கும் வழங்கவில்லை. இங்கிலாந்தில் நூறு ஆண்டுகள் கழிந்தபின் வீட்டுத் தாள்கள் பொதுமக்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வெளியாயின. அமெரிக்காவில் இக்காலவரை 72 ஆண்டுகள். அந்நாட்டினர் எழுதிய வழிகாட்டி நூல்களைப் படித்துவிட்டு, 'தாத்தாவின் பெயர் குடிக்கணக்கில் இருக்கும்' என இங்கே தேடத் தொடங்குவோர் ஏமாற்றம் அடைவது இதனாலேயே ஆகும். 2021இல் நடைபெற வேண்டியிருந்து, பின்னர் 2027ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பெற்ற கணக்கெடுப்பும் இச்சட்டத்திற்கு உட்பட்டதே.

ஆயினும், நாடு தழுவிய கணக்கு தராததைச் சில வட்டாரக் கணக்குகள் தருகின்றன. தமிழகத்தில் இதற்கு நீண்ட முன்மாதிரி உண்டு. 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டுப் பகுதியில் தாமசு பர்னார்டு என்னும் பொறியாளர் மேற்பார்வையில் எடுக்கப்பட்ட ஊர்க்கணக்குகள் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் வீடுகளையும் தொழில்களையும் நிலப் பங்குகளையும் குறிக்கின்றன. அவற்றுக்கு மூலமான தமிழ் ஓலைகளும் கிடைத்துள்ளன. ஈழத்தில் போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் எழுதிய 'தோம்பு' நில உரிமையாளர்களைப் பெயருடன் பதிந்துள்ளது.

மும்பையைப் பொறுத்தவரை இத்தகைய வட்டாரக் கணக்குகளுள் தலையாயது, 1976 சனவரியில் மாநில அரசு எடுத்த குடிசைக் கணக்கெடுப்பு ஆகும். அரசு நிலத்திலும் மாநகராட்சி நிலத்திலும் இருந்த குடிசைகளுக்கு எண் இடப்பட்டது. குடும்பத் தலைவர்க்குப் புகைப்பட அட்டை வழங்கப்பட்டது. மக்கள் வழக்கில் இது 'போட்டோபாஸ்' எனப்படும். 1985இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஓல்கா டெல்லிசு வழக்குத் தீர்ப்பு, 1976ஆம் ஆண்டுக் கணக்கில் இடம்பெற்றோர்க்கு மாற்றிடம் தரவேண்டும் எனக் கூறியதால், இவ்வட்டை வீட்டுரிமைச் சான்றாகவும் ஆயிற்று. பின்னர் 1.1.1995, 1.1.2000 என வரையறை நாள்கள் மாறியபொழுது, அவ்வந்நாளைச் சார்ந்த வாக்காளர் பட்டியலும் பங்கீட்டு அட்டையும் அதே மதிப்பைப் பெற்றன. வீட்டைக் காப்பதற்காகப் பெட்டியில் பூட்டி வைக்கப்பட்ட இத்தாள்களே இன்று குடும்ப வரலாற்றின் முதல் ஏடுகளாக விளங்குகின்றன.

வட்டமும் எல்லையும்

பதிவேட்டைத் தேடுவோர் முதலில் அறிய வேண்டுவது அலுவலக எல்லை. ஆண்டாப் ஹில், வடாலா, மாட்டுங்கா, சயான் ஆகியவை மாநகராட்சியின் எஃப் வடக்கு வட்டத்தில் அடங்கும். தாராவி ஜி வடக்கு வட்டத்தைச் சார்ந்தது. செம்பூரின் பெரும்பகுதி எம் மேற்கு வட்டத்தில் உள்ளது. தாராவியில் பிறந்து ஆண்டாப் ஹில்லில் குடியேறி இறந்த ஒருவரின் பிறப்பும் இறப்பும் இரு வேறு அலுவலகங்களில் பதிவாகியிருக்கும். செம்பூர் 1950இல்தான் மாநகராட்சி எல்லைக்குள் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் அது புறநகர் மாவட்டத்தின் பகுதி. ஆகவே, 1940களில் செம்பூரில் நிகழ்ந்த இறப்பை நகர்ப் பதிவேட்டில் தேடுதல் பயன் தராது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டு 1970இல் நடைமுறைக்கு வந்தது. இதன் 17ஆம் பிரிவின்படி எவரும் கட்டணம் செலுத்திப் பதிவேட்டில் தேடச் செய்து நகல் பெறலாம். இறப்பின் காரணத்தை மட்டும் அந்நகலில் வெளியிடுதல் கூடாது. ஆண்டு தெரியாமல் வரும் விண்ணப்பத்தின்மேல் தேடுதல் அரிது. எனவே, அலுவலகத்திற்குச் செல்லுமுன் ஆண்டினை வரையறுக்க உதவுவது இடுகாட்டுப் பதிவேடாகும்.

இடுகாட்டுப் பதிவேடு

ஆண்டாப் ஹில் பகுதியில் வாழும் தமிழருள் இந்துக்களும் கிறித்தவரும் இசுலாமியரும் உளர். இந்துக்களிலும் எரிப்போரும் புதைப்போரும் உண்டு. ஆதலின் ஒரே பகுதியில் இறந்தோரின் பதிவுகள் சுடுகாடு, இடுகாடு, கல்லறைத் தோட்டம், கபர்ஸ்தான் எனப் பல இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. குடும்பத்தின் சமயத்தோடு இறுதிச்சடங்கு வழக்கத்தையும் கேட்டறிந்த பின்னரே எப்பதிவேட்டை நாடுவது என முடிவு செய்தல் இயலும். தலைமுறைக்கு இடையில் சமயம் மாறியிருத்தலையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

கிறித்தவ அடக்கப் பதிவேட்டில் பொதுவாக இறந்தவர் பெயர், அகவை, இறந்த நாள், அடக்கம் செய்த நாள், தந்தை அல்லது கணவர் பெயர், தொழில், இருப்பிடம், சடங்கு நடத்திய குருவின் பெயர் ஆகியவை இடம்பெறும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் படிகள் சென்னை, பம்பாய், வங்காளம் ஆகிய மூன்று மாகாணங்களிலிருந்தும் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. எனினும் அவற்றுள் பெரும்பான்மை ஐரோப்பியர் பற்றியவையே ஆதலின், தமிழ்க் கிறித்தவர் தத்தம் பங்குக் கோயிலின் மூலப் பதிவேட்டையே நாட வேண்டியுள்ளது.

இங்குக் கல்லறைக் கல்லைவிடப் பதிவேடு நம்பத்தக்கதாகிறது. இடநெருக்கடி மிக்க மும்பையில் பொதுக் கல்லறைகள் சில ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் பயன்படுத்தப்படுகின்றன. எலும்புகள் எடுக்கப்பட்டுச் சுவர்மாடங்களில் வைக்கப்படுகின்றன. சிவ்ரியில் 1860களில் தோன்றிய பெரிய கல்லறைத் தோட்டத்திலும் கல் நிறுத்தும் வசதி பெற்றோரின் பெயர்களே கண்ணிற்படும். தோல் பதனிடும் தொழிலாளரும் துறைமுகக் கூலிகளும் கல்லில் இடம்பெற்றதில்லை. ஆனால் பதிவேட்டின் ஒரு வரியில் இடம்பெற்றுள்ளனர். பணமும் சாதியும் கல்லில் காட்டிய வேற்றுமையைப் பதிவேட்டின் வரி காட்டுவதில்லை என்பது எண்ணத்தக்கது.

பெயரும் அகவையும்

பதிவேட்டைப் படிப்பதில் முதல் இடர் பெயரில் உள்ளது. தமிழர்க்குத் தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னொட்டாகும். மும்பை அலுவலகங்களோ தன்பெயர், தந்தை பெயர், குடும்பப் பெயர் என்னும் மூன்று கட்டங்களை நிரப்பச் சொல்லும். மூன்றாம் கட்டத்தில் ஒரு மகனுக்குச் சாதிப் பெயரும், மற்றொரு மகனுக்குப் பாட்டன் பெயரும் எழுதப்படுதல் இயல்பு. இதனால் உடன்பிறந்தோர் இருவர் வேறு குடும்பத்தினர்போல் தோன்றுவர்.

இரண்டாம் இடர் எழுத்து மாற்றம் பற்றியது. தமிழில் ககரம் ஒன்றே. மராத்தியில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளன. ழகரத்திற்குரிய எழுத்து மராத்தி வழக்கில் இல்லை. எழுத்தர் காதால் கேட்டபடி எழுதியதால் ஒரே பெயர் பல வடிவம் பெறும். அவ்வடிவங்களை எல்லாம் முன்கூட்டியே எழுதிக்கொண்டு தேடுதல் நன்று. அதே வேளையில் பெயரே வழிகாட்டுதலும் உண்டு. சுடலைமுத்து, இசக்கி, பேச்சியம்மாள் போன்ற பெயர்கள் நெல்லை, குமரிப் பகுதிகளின் நாட்டார் தெய்வ வழிபாட்டைச் சுட்டுவன. ஊர்ப்பெயர் அறவே மறந்த குடும்பத்திற்கும் இது ஒரு திசையைக் காட்டும்.

அகவை பற்றிய குறிப்பையும் எச்சரிக்கையுடன் கொள்ளல் வேண்டும். பிறந்த நாள் அறியாத சமுதாயத்தில் அகவை 40, 45, 50, 60 என முழு எண்களிலேயே சொல்லப்படும். 1938இல் இறந்த ஒருவரின் அகவை 60 எனப் பதிவாகியிருப்பதாகக் கொள்வோம். அவர் 1878இல் பிறந்தார் என முடிவு கட்டுதல் பொருந்தாது. 1873க்கும் 1883க்கும் இடைப்பட்ட காலம் எனக் கொள்வதே முறை. அவர்தம் மூத்த குழந்தையின் திருமுழுக்கு 1899 எனத் தெரியவந்தால், அக்கால எல்லையின் முற்பகுதியே பொருத்தமுடையது எனக் கருதலாம். இவ்வாறு ஒரு பதிவை மற்றொரு பதிவால் திருத்திக்கொள்வதே இவ்வாய்வின் அடிப்படை நெறியாகும்.

ஊரை நோக்கிய தேடல்

மும்பைப் பதிவுகள் குடும்பம் வந்த காலத்தைக் காட்டுமேயன்றி வந்த ஊரைக் காட்டுவது அரிது. கடல் கடந்த தமிழரோடு ஒப்பிடுகையில் இது வியப்பளிக்கும். 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற 1,52,184 இந்தியர்க்கும் கப்பல் பட்டியல் உண்டு. அதில் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், ஊர், உடல் அடையாளம் ஆகியவை பதிவாகியுள்ளன. மொரீசியசில் இத்தகைய ஆவணங்கள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. ஆட்களை விலைப்பொருள்போல் எண்ணிய முறை அவர்தம் ஊர்ப்பெயரை விட்டுச் சென்றது. மும்பைக்குத் தொடர்வண்டியில் ஏறியவர்க்கோ எவர் இசைவும் தேவைப்படவில்லை. ஆகவே எவரும் அவர்தம் ஊரை எழுதவில்லை.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வன மூன்று. மாநகராட்சித் தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடும் பள்ளி விடுப்புச் சான்றும் பிறந்த ஊரையும் சாதியையும் குறிப்பன, 10.8.1950க்கு முற்பட்ட சேர்க்கையாயின் அதன் மதிப்பு மிகப் பெரிது. துறைமுகம், இரயில்வே முதலியவற்றில் பணியாற்றியவரின் பணிப்பதிவேட்டில் நிலையான முகவரி இருத்தல் கூடும். குலதெய்வத்தின் பெயர் மூன்றாவது. மொழியும் ஊரும் மறந்த குடும்பங்களிலும் முதல் மொட்டை எக்கோயிலில் என்பது நினைவில் நிற்பதுண்டு.

ஊர் தெரிந்தபின் அங்குள்ள தலைக்கட்டுக் கணக்கு, பத்திரப் பதிவு அலுவலகத்தின் வில்லங்கச் சான்று, பட்டா, ஜமாஅத்தின் திருமணப் பதிவேடு, திருச்சபையின் குடும்பப் பதிவேடு ஆகியவற்றை நாடலாம். தரங்கம்பாடியில் 1707இலேயே தமிழர் திருமுழுக்குப் பெற்றனர். நெல்லையில் இரேனியசு 1820இல் பணி தொடங்கினார். கிறித்தவக் குடும்பங்கள் சிலவற்றுக்கு இவ்வழியே இருநூறு ஆண்டுத் தொடர்ச்சி கிட்டும் வாய்ப்பு உண்டு.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. இந்தியக் குடிக்கணக்கு முன்னோரின் பெயரைத் தாராது. காலப் பின்னணியையே தரும். பெயரைத் தருவன 1976ஆம் ஆண்டுக் குடிசைக் கணக்கு, வாக்காளர் பட்டியல், பள்ளிப் பதிவேடு, இடுகாட்டுப் பதிவேடு ஆகிய வட்டார ஆவணங்களே. தேடல் அண்மைக்காலத்தில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். ஒவ்வொரு செய்தியும் இரண்டு பதிவுகளால் உறுதிப்படல் வேண்டும்.

குடிசைகள் அடுக்ககங்களாக மாறிவரும் பகுதிகளில், இடம் பெயரும் ஒவ்வொரு முறையும் சில பெட்டிகள் திறக்கப்படாமலே எறியப்படுகின்றன. மங்கிய போட்டோபாஸும் கிழிந்த பள்ளிச் சான்றும் காகிதக் குப்பையாகக் கருதப்படுகின்றன. முதியோர் வாழும்பொழுதே அவர்தம் வாய்மொழியைப் பெயர், ஊர், குலதெய்வம், அடக்கமான இடம் என்னும் நான்கு தலைப்பில் எழுதி வைத்தலும், தாள்களைப் படியெடுத்துக் காத்தலும் ஒவ்வொரு குடும்பமும் உடனே செய்யத்தக்க பணிகளாகும். மும்பையிலுள்ள தமிழமைப்புகள் இப்பணியைத் தம் பொறுப்பாக ஏற்று, பகுதிவாரியாகத் தொகுப்பின், கல் இல்லாத கல்லறைகளில் அடங்கியோரின் பெயர்கள் அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குக் கிட்டும். புலம்பெயர்ந்த தமிழரின் உழைப்பு வரலாற்றை எழுதுவதற்கும் அத்தொகுப்பு அடிப்படைச் சான்றாக அமையும்.