கைத்தொலைபேசியிலும் அமானிதம் உண்டு

 

வீட்டுத் தொலைபேசிக்கு அருகில் ஒரு கொப்பியும் பேனாவும் இருந்த காலத்தை உங்களில் பலர் அறிவீர்கள். உறவினரின் இலக்கங்கள் அந்தக் கொப்பியில் இருந்தன. கிளினிக் திகதியும் சீட்டுக் காசு கட்டும் நாளும் சுவர்க் கலண்டரில் குறிக்கப்பட்டிருந்தன. இன்று இவை யாவும் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டன. அது தண்ணீரில் விழுந்தாலோ, பஸ்ஸில் தவறினாலோ, வெளிநாட்டிலுள்ள கணவரின் இலக்கத்தைக் கூடச் சொல்ல முடியாமல் தவிக்க நேரிடுகின்றது.

அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் சூரா அல்பகராவின் 282ஆவது வசனமாகும். தவணைக் கடனை எழுதி வைக்குமாறு அது பணிக்கின்றது. நினைவை மட்டும் நம்பாமல் எழுத்தில் பேணுவது மார்க்கம் காட்டிய ஒழுங்கு. எழுதியதைத் தொலையாமல் காப்பதும், அதிலுள்ள பிறரது விடயங்களை மறைவாக வைத்திருப்பதும் நம் பொறுப்பே.

கைத்தொலைபேசியிலுள்ள இலக்கங்களையும் நாட்குறிப்புகளையும் கணனியிலும் அவ்வாறே வைத்திருக்க மென்பொருள்கள் உள்ளன. இதனை ஒத்திசைவு என்பர். ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றதிலும் தானாகவே பதிந்துவிடும். வீட்டிலிருந்தே தையல், கேக் போன்ற தொழில் செய்யும் சகோதரிகளுக்கு இது பேருதவியாகும். அவற்றில் எதைத் தெரிவு செய்வது?

ஓர் இடம் போதும்

முதலில் உங்கள் இலக்கங்கள் எங்கே சேமிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். சிம் அட்டையில் இருப்பவை பெரும்பாலும் பெயரும் இலக்கமும் மட்டுமே. அவை கணனிக்குத் தாமாகச் செல்லமாட்டா. அன்ட்ரொய்ட் தொலைபேசி என்றால் கூகுள் கணக்கிலும், ஐபோன் என்றால் ஐகிளவுட்டிலும் சேமிக்கலாம். இரண்டையும் கணனியில் இணையத்தின் வழியாகத் திறந்து பார்க்க முடியும். வேறு மென்பொருள் வாங்கத் தேவையில்லை. தொழிலுக்கு அவுட்லுக் பாவிப்பவர்கள் மைக்ரோசொப்ட் கணக்கையே வைத்துக்கொள்ளலாம். ஆனால், ஒரே பட்டியலை இரண்டு மூன்று மென்பொருள்களிடம் ஒப்படைக்காதீர்கள். ஒருவரின் பெயரே மூன்று முறை வந்து நிற்கும்.

பெரிய நிறுவனங்களிடம் கொடுக்க விரும்பாதவர்களுக்கும் வழியுண்டு. கார்ட்டேவ், கல்டேவ் எனும் பொது முறைகளை ஏற்கும் சேவை ஒன்றைத் தெரிந்து, கணனியில் தண்டர்பேர்ட் என்ற இலவச மென்பொருளையும் அன்ட்ரொய்ட் தொலைபேசியில் டேவ்எக்ஸ்5 என்ற செயலியையும் அதனுடன் இணைக்கலாம். எதைத் தெரிவு செய்தாலும், இலக்கங்களை வீகார்ட் கோப்பாகவும் நாட்குறிப்பை ஐகலண்டர் கோப்பாகவும் வெளியே எடுக்க அது இடமளிக்க வேண்டும். நாளை வேறொன்றுக்கு மாறும்போது கைகொடுப்பது இதுவேயாகும்.

அழித்தால் இரண்டிலும் அழியும்

பலர் விளங்காத விடயம் ஒன்றுண்டு. ஒத்திசைவு வேறு, காப்புப் பிரதி வேறு. பிள்ளை விளையாட்டாகத் தொலைபேசியில் ஓர் இலக்கத்தை அழித்தால் கணனியிலும் அது அழிந்துவிடும். கூகுளில் அழித்த இலக்கங்கள் 30 நாள்கள் வரை குப்பைத் தொட்டியில் இருக்கும், பின்னர் கிடைக்காது. ஆகவே, ஒத்திசைவைத் தொடங்க முன்னரும் அதன்பின் மாதம் ஒரு முறையும் பட்டியலைக் கோப்பாக எடுத்துப் பென் டிரைவ் ஒன்றில் வையுங்கள்.

ஒரே கணக்கு, பல கைகள்

உம்மாவின் கூகுள் கணக்கையே மகனின் தொலைபேசியிலும் போட்டுக் கொடுக்கும் வீடுகள் உண்டு. ஒத்திசைவு இயங்கினால் உம்மாவின் தோழியர், அயல்வீட்டுப் பெண்கள், மத்ரஸா ஆசிரியைகள் எல்லோருடைய இலக்கங்களும் அந்த இளைஞனின் கைக்குப் போய்விடும். அப்பெண்கள் நம்பித் தந்தது உங்களிடமே. எனவே ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வேண்டும். குடும்பத்தாருக்குப் பொதுவான நாட்காட்டியை மட்டும் பகிர்ந்துகொள்ளலாம். விளையாட்டுச் செயலியோ டோர்ச் செயலியோ உங்கள் இலக்கங்களைப் பார்க்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். தொலைபேசியை விற்க முன்னர் கணக்கை நீக்கி, உள்ளிருப்பதை முழுமையாக அழியுங்கள்.

பிறைக் கணக்கு

நாட்காட்டி மென்பொருள்கள் வழமையாக ஆங்கிலத் திகதிப்படியே ஆண்டுதோறும் நினைவூட்டும். ஹிஜ்ரி ஆண்டு ஏறத்தாழ 11 நாள்கள் குறைந்தது. ஸகாத் கொடுக்கும் நாளை ஆங்கிலத் திகதியில் பதிந்துவிட்டால் ஒவ்வோர் ஆண்டும் 11 நாள்கள் பிந்தும். சுமார் 33 ஆண்டுகளில் ஓர் ஆண்டின் ஸகாத்தே விடுபட்டுவிடும். ஆகவே அதனை ஆண்டுதோறும் புதிதாகப் பதியுங்கள். மென்பொருள் காட்டும் ஹிஜ்ரித் திகதி கணிப்பு மாத்திரமே. நம் நாட்டில் பிறை பற்றிய தீர்மானம் கொழும்பு பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிக்கப்படுகின்றது. நோன்பையும் பெருநாளையும் அந்த அறிவிப்பின் பின்னரே உறுதியாகக் குறியுங்கள்.

சகோதரிகளே! வீட்டில் கணனி அறிந்த மகளோ மருமகளோ இருந்தால் இன்றே அமர்ந்து இவற்றைச் சரிபாருங்கள். மிக அவசியமான ஐந்தாறு இலக்கங்களைப் பழையபடி ஒரு கொப்பியிலும் எழுதி அலுமாரியில் வையுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்திலும் அது உதவும். அமானிதங்களைப் பேணி நடக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.