மாநிலத்துக்குக் கணக்கு இழுத்தது, ஊருக்குப் பாசம் இழுத்தது!

தலைவர் வருகிறார் என்றால் நாம் பார்ப்பது மாலை, பட்டாசு, மைக் செட் மட்டும்தான். அதற்கு ஒரு வாரம் முன்பே கட்சி அலுவலகத்தின் உள்ளறையில் ஒரு சண்டை நடந்து முடிந்திருக்கும். டூர் புரோகிராம் சண்டை! எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே?

பெரம்பலூர்க்காரர்களுக்கு இந்த வலி நன்றாகவே தெரியும். 2025 செப்டம்பர் 13 அன்று த.வெ.க. தலைவர் விஜய்யின் முதல் பிரசாரப் பயணம். திருச்சி, அரியலூர், பெரம்பலூர் என ஒரே நாளில் மூன்று மாவட்டம். திருச்சியிலேயே கூட்டம் வண்டியை நகரவிடவில்லை. அரியலூருக்கு வந்து பேசும்போதே இருட்டிவிட்டது. பெரம்பலூரில் நள்ளிரவு தாண்டியும் காத்திருந்தவர்களுக்குக் கடைசியில் பேச்சே இல்லை.

ஆக, பட்டியலில் ஊர் பெயர் ஏறுவதே ஒரு வரம். அந்த வரத்துக்காக நடக்கும் தவம் இருக்கிறதே, அடேயப்பா! "பத்து நிமிஷம் போதும்ணே, வண்டியை விட்டு இறங்கக்கூட வேண்டாம், கையை மட்டும் காட்டச் சொல்லுங்க" என்று மாவட்டச் செயலாளர் கெஞ்சுவார். சீட் கிடைக்காத கோபத்தில் இருப்பவரைச் சமாதானப்படுத்த ஒரு பாயிண்ட், பழைய விசுவாசிக்கு ஒரு பாயிண்ட், கூட்டணிக் கட்சி முகம் சுளிக்காமல் இருக்க ஒரு பாயிண்ட். சாலை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு போடும் பயணத் திட்டம் இது இல்லை!

இந்தத் திரையை விலக்கி, தமிழ்நாடு மறக்கவே முடியாத ஒரு பயணத் திட்டத்துக்குள் எட்டிப் பார்ப்போமா? 1991 மே 21. காங்கிரஸ் தலைவர் ராஜீவ் காந்தியின் கடைசிப் பயணம்.

தெற்கே இருந்தது நெற்களஞ்சியம்

1989 மக்களவைத் தேர்தலில் ராஜீவ் ஆட்சியை இழந்தார். காங்கிரஸுக்குக் கிடைத்தது 197 இடம். உத்தரப்பிரதேசத்தின் 85 தொகுதிகளில் 15, பீகாரின் 54-ல் வெறும் 4. தெற்கே வந்தால் கதையே வேறு! ஆந்திரத்தில் 39, கர்நாடகத்தில் 27, தமிழ்நாட்டில் 27, கேரளத்தில் 14. கூட்டிப் பாருங்கள், 107. கட்சியின் பாதிக்கு மேற்பட்ட எம்.பி.க்கள் நான்கே மாநிலங்களிலிருந்து! வடக்கே மண்டல் இட ஒதுக்கீடும் அயோத்தி மந்திரும் மோதிக்கொண்டிருந்த நேரத்தில், இந்தக் களஞ்சியத்தைக் காப்பாற்றாமல் பிரதமர் நாற்காலியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

தமிழ்நாட்டில் ராஜீவுக்கு ஒரு சூடும் பட்டிருந்தது. 1989 ஜனவரி சட்டமன்றத் தேர்தலில், எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து நிற்க, இதுதான் சமயம் என்று காங்கிரஸ் தனியே குதித்தது. கொள்ளிடத்துக்கு அக்கரை கபிஸ்தலத்துக்காரரான ஜி.கே.மூப்பனார்தான் முன்னால் நின்றார். ராஜீவ் திரும்பத் திரும்ப வந்து பிரசாரம் செய்தார். கிடைத்தது 26 இடம்! அதே ஆண்டின் இறுதியில் ஜெயலலிதாவோடு கைகோத்ததும் மக்களவைத் தேர்தலில் அந்தக் கூட்டணி 38 தொகுதிகளை அள்ளியது. தனியாகப் போனால் 26 எம்.எல்.ஏ., சேர்ந்து போனால் 27 எம்.பி. இதற்கு மேல் யாராவது பாடம் எடுக்க வேண்டுமா?

டெல்லியும் சென்னைக் கோட்டையும்

மேடை தயாரானது டெல்லியில். அப்போதைய பிரதமர் சந்திரசேகரின் அரசு உயிர்வாழ்ந்ததே ராஜீவ் தந்த ஆதரவில்தான். தி.மு.க. ஆட்சியைக் கலைக்க வேண்டும் என்று ஜெயலலிதாவும் காங்கிரஸும் நெருக்கினார்கள். விடுதலைப் புலிகளுக்கு இடம் கொடுக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் இலங்கைத் தமிழ் இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் புலிகளால் கொல்லப்பட்டது அதற்கு வலு சேர்த்தது. ஆளுநர் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்தும், 1991 ஜனவரி 30 அன்று கருணாநிதி அரசு கலைக்கப்பட்டது.

அடுத்த காட்சி இன்னும் சுவாரசியம். ராஜீவ் வீட்டு வாசலை உளவு பார்த்ததாக ஹரியானா போலீஸ்காரர்கள் இருவர் பிடிபட்டார்கள். இரண்டு கான்ஸ்டபிள் விவகாரத்தில் ஒரு பிரதமரே போனார்! மார்ச் 6 அன்று சந்திரசேகர் ராஜினாமா. நாடாளுமன்றத்துக்கும் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கும் சேர்ந்தே தேர்தல் வந்தது.

மக்களவையில் காங்கிரஸுக்கு 28, அ.தி.மு.க.வுக்கு 11, சட்டமன்றத்தில் பெரும்பங்கு அ.தி.மு.க.வுக்கு என்று பழைய எம்.ஜி.ஆர். காலத்துப் பங்கீடே திரும்ப வந்தது. அப்போது திருச்சி மாவட்டத்துக்குள் இருந்த பெரம்பலூர் தனித் தொகுதி இரட்டை இலைக்குப் போனது. இன்னொரு தனித் தொகுதியான ஸ்ரீபெரும்புதூர் கைச் சின்னத்துக்கு வந்தது.

"ஆன்ட்டி" தொகுதி

இப்போது உள்ளறை ரகசியம். ஸ்ரீபெரும்புதூர் வேட்பாளர் மரகதம் சந்திரசேகர். நேரு காலத்திலேயே துணை அமைச்சர், இந்திரா குடும்பத்துக்கு நெருக்கமானவர், ராஜீவுக்கு "ஆன்ட்டி". 1989-லும் அதே தொகுதியில் வென்றவர். பக்கத்து அரக்கோணத்தில் மகள் லதா பிரியகுமார் சட்டமன்ற வேட்பாளர். மாநிலக் காங்கிரஸில் வாழப்பாடி ராமமூர்த்தி ஒரு பக்கம், மூப்பனார் ஒரு பக்கம் என்று இழுபறி. ஆனால் ஆன்ட்டி கேட்டால் எந்தக் கோஷ்டியும் குறுக்கே நிற்க முடியாதே!

தமிழ்நாட்டுக்கு ராஜீவை வரவழைத்தது கணக்கு. இந்த ஊருக்கு வரவழைத்தது பாசம்.

அந்தப் பயணம் நின்றுபோயிருக்கவும் கூடும். மே 20 டெல்லியில் வாக்களித்துவிட்டு ஒடிசா, ஆந்திரம் என்று சுற்றியவரின் விமானம் மறுநாள் மாலை விசாகப்பட்டினத்தில் மக்கர் செய்தது. இரவு அங்கேயே தங்குவது என்று விருந்தினர் மாளிகைக்குக் கிளம்பிவிட்டார். வழியில் தகவல் வந்தது, விமானம் சரியாகிவிட்டதாம்! அப்படியே திரும்பி வந்து தானே ஓட்டிக்கொண்டு மீனம்பாக்கத்தில் இறங்கினார். அதற்குள் இரவு எட்டு மணி தாண்டிவிட்டது. காரில் முன் இருக்கை, பின்னால் பேட்டிக்காக வெளிநாட்டுப் பத்திரிகைகளின் நிருபர்கள். வழியெல்லாம் மாலைகள். ஸ்ரீபெரும்புதூரில் காத்திருந்த கூட்டத்தை சங்கர்-கணேஷ் கச்சேரி கட்டிப்போட்டிருந்தது.

இரவு பத்து மணி இருபது நிமிட வாக்கில் அங்கே வெடித்த குண்டு அவரையும் உடனிருந்த பலரையும் கொன்றது.

டெக்சஸிலும் இதே ஜாதகம்

1963 நவம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடி டெக்சஸுக்குப் போனதும் மாநிலக் கணக்குக்குத்தான். 1960-ல் அங்கே அவர் தேறியது ஏறத்தாழ 46,000 வாக்கில். 1964 தேர்தல் நெருங்க, நிதியும் திரட்ட வேண்டும், சொந்தக் கட்சிக்குள் ஆளுநர் கானலியும் செனட்டர் யார்பரோவும் போட்ட சண்டையையும் ஆற்ற வேண்டும். துணை அதிபர் ஜான்சனின் காரில் ஏறவே மாட்டேன் என்று யார்பரோ முறுக்கிக்கொண்டு நின்ற கூத்தெல்லாம் நடந்தது. பயணத்தின் கடைசி நாளில்தான் ஒருவழியாக ஏறினார். அன்றுதான் டல்லாஸில் கென்னடி சுடப்பட்டார்.

மறுபடி தமிழ்நாட்டுக்கே வருவோம். ராஜீவ் மறைவுக்குப் பிறகு நடந்த வாக்குப்பதிவில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் கூட்டணி வாரியது. சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்கு மிஞ்சியது இரண்டே இடம். மரகதம் சந்திரசேகரும் வென்றார். பிரதமருக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டுமே இருந்த சிறப்புப் பாதுகாப்புப் படையின் காவல், அதே ஆண்டில் முன்னாள் பிரதமர்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. பதவி போனதும் அந்தக் காவலை இழந்த நிலையில்தான் ராஜீவ் ஊர் ஊராகச் சுற்றினார்.

அடுத்த முறை பெரம்பலூருக்கோ அரியலூருக்கோ தலைவர் வருகிறார் என்று சுவரில் எழுத ஆரம்பித்தால், என்ன பேசப்போகிறார் என்று விசாரிக்காதீர்கள். யார் கேட்டு இந்தப் பாயிண்ட் கிடைத்தது என்று விசாரியுங்கள். பாதித் தேர்தல் அதிலேயே புரிந்துவிடும்!