டவருக்குக் காதுகொடுக்கும் வண்டிகள்

சாங்கி விமான நிலையத்தின் வேலிக்கு உள்ளே ஓடும் வண்டிகளில் பல பொதுச்சாலையைப் பார்ப்பதே இல்லை. பெட்டிகளை இழுக்கும் டிராக்டர், விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் வண்டி, சாப்பாடு ஏற்றும் லாரி, தீயணைப்பு வண்டி, ஓடுபாதையைச் சோதிக்கும் ஆய்வு வண்டி என்று அது ஒரு தனி ஊர். இவற்றில் பெரும்பகுதி, விமானங்கள் நிற்கும் ஏப்ரனிலும் அங்கே கோடு போட்டுப் பிரித்த வண்டிப் பாதையிலும் மட்டுமே ஓடும். அதைத் தாண்டி, விமானங்கள் ஓடுபாதைக்குப் போய்வரும் டாக்சிவேக்கும் ஓடுபாதைக்கும் போகிறவை சில. அந்தச் சில வண்டிகளுக்கு பிரேக்கைப் போலவே தவிர்க்க முடியாதது இருவழி ரேடியோ.

விமானம் ஓடும் தளத்தில் வண்டிக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு 2000 ஜூலை 25 அன்று பாரிஸில் விழுந்த கான்கார்டு விமானமே பதில். முன்னால் பறந்துபோன வேறொரு விமானத்திலிருந்து விழுந்த ஓர் உலோகப் பட்டை கான்கார்டின் டயரைக் கிழித்தது. 113 பேர் இறந்தனர். அதனால்தான் ஓடுபாதையில் ஓர் ஆணிகூடக் கிடக்கக் கூடாது என்கிறார்கள். சாங்கியில் 'ஐஃபெரெட்' என்ற கேமரா அமைப்பு ஓடுபாதையைக் கண்காணிக்கிறது. ஆனால் கேமரா காட்டிய பொருளைக் குனிந்து எடுக்க ஓர் ஆள் வண்டியில் போயாக வேண்டும். விளக்குகளைப் பழுதுபார்ப்பவர்களும் பறவைகளை விரட்டுபவர்களும் போக வேண்டும். தீயணைப்பு வண்டிகள் ஓடுபாதையின் எந்த முனைக்கும் 3 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது அனைத்துலக விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதி.

அதே ஐகாவோ இன்னொன்றையும் சொல்கிறது. ரேடியோ பொருத்திய வண்டி, டாக்சிவேயும் ஓடுபாதையும் உள்ள பகுதிக்குள் நுழையும் முன், டவர் எனப்படும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு தெளிவான இருவழித் தொடர்பை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் நேரம் முழுவதும் ஓட்டுநரின் காது அந்த அலைவரிசையில் இருக்க வேண்டும். சாங்கியில் 2009 முதல் நிலையத்தை நடத்துவது சாங்கி விமான நிலையக் குழுமம்; கோபுரத்திலிருந்து விமானங்களை வழிநடத்துவது சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம். குழுமத்தின் அனுமதி அட்டையை ஓட்டுநர் சட்டையில் மாட்டியிருந்தாலும் ஓடுபாதைக்குள் கால்வைக்க டவரின் வாய்ச்சொல் வேண்டும்.

இப்படிப்பட்ட வண்டியில் வழக்கமாக இரண்டு ரேடியோக்கள் தேவைப்படும். ஒன்று, தன் நிறுவனத்து ஆட்களோடு பேசுவதற்கு. பெரிய விமான நிலையங்களில் அது பல குழுக்கள் ஒரே அலைவரிசைத் தொகுப்பைப் பகிர்ந்துகொள்ளும் டிரங்க் முறையில் இயங்குகிறது. மற்றது டவரோடு பேசும் ஏர்பேண்ட் ரேடியோ. விமானங்கள் பேசும் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையில், ஏஎம் எனப்படும் வீச்சுப் பண்பேற்றத்தில் அது இயங்கும். பண்பலைதான் காதுக்கு இனிமை என்று எல்லாருக்கும் தெரிந்திருக்க, விமானத்துறை மட்டும் ஏன் பழைய ஏஎம்மை விடவில்லை? பண்பலையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவான குரல் மட்டும் கேட்கும். மற்றவர் பேசியதற்கான தடயமே இருக்காது. ஏஎம்மில் இரண்டும் மோதி 'கீ' என்று அலறும். சொல் கலைந்துபோனாலும் இருவர் பேசினார்கள் என்பதாவது தெரிந்துவிடும். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃபில் இரு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததற்கு முந்தைய நொடிகளில் அந்த அலறல் கேட்டது. டவரின் எச்சரிக்கையும் மற்ற விமானத்தின் குரலும் அதில் மூழ்கிப்போயின. அலறல் கேட்டால் மறுபடி கேட்டுத் தெளிவு பெறாமல் நகரக் கூடாது என்ற பாடத்தை அந்த விபத்து மிகக் கொடிய விலைக்குக் கொடுத்தது.

ரேடியோவை வாங்குவதைவிட அதை வண்டியில் பொருத்துவதில்தான் கைத்திறன் இருக்கிறது. கையில் பிடிக்கும் வாக்கி டாக்கியை வண்டியின் இரும்புக் கூண்டுக்குள் வைத்துப் பேசினால் அலையின் வலிமையில் ஒரு பகுதி அந்த உடலிலேயே அடங்கிவிடும். ஆகவே ஆண்டெனா கூரைக்கு மேலே, முடிந்தவரை நடுவில் நிற்க வேண்டும். சுற்றியுள்ள உலோகத் தகடு அதற்குத் தரைத்தளம் போல உதவி, எல்லாத் திசையிலும் அலையைச் சமமாக அனுப்புகிறது. ஓரத்தில் வைத்தால் ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் மங்கலாகவும் கேட்கும். கூரை ஃபைபரால் ஆனதென்றால் அடியில் ஓர் உலோகத் தகட்டைப் பதிக்க வேண்டும். ஏர்பேண்ட் அலையின் நீளம் ஏறத்தாழ 2.4 மீட்டர், அதில் கால்வாசி, அதாவது சுமார் 60 சென்டிமீட்டர், ஆண்டெனாவின் நீளம். மேல் அலைவரிசையில் இயங்கும் மற்ற ரேடியோவின் ஆண்டெனா இதைவிட வெகு குட்டை. இரண்டையும் அருகருகே நட்டால் ஒன்று பேசும்போது மற்றது திணறும். இடைவெளி கூடினால் நல்லது.

மின்சாரத்துக்கு சிகரெட் லைட்டர் துளையை நம்பக் கூடாது. இரண்டு கம்பிகளையும் பேட்டரியிலிருந்தே நேராக இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் வைக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் ஓர் ஊளை ரேடியோவில் கேட்டுக்கொண்டே இருக்கும். பொருத்திய பின், ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்புகிறது என்று காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டரால் அளந்து பார்ப்பது கட்டாயம். அது 1.5 காட்டினால் அனுப்பிய ஆற்றலில் 4 சதவீதம் மட்டுமே திரும்பி வருகிறது. 3 காட்டினால் கால்வாசி திரும்பி வந்து ரேடியோவையே சூடாக்கும். சாங்கிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நிலையத்தின் பெரும் பகுதி கடலைத் தூர்த்து எழுப்பிய நிலம். காற்றில் உப்பு, வானத்தில் அடிக்கடி மழை. ஆண்டெனா கேபிள் நுழையும் இடத்தில் நீர் கசிந்தால் செம்பு பச்சை பூத்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்து மாற்றாவிட்டால் நேற்று நன்றாகக் கேட்ட ரேடியோ இன்று இரையும். கூரையில் சுழலும் விளக்கும் குற்றவாளியாகலாம்: தரமற்ற எல்இடி விளக்குகள் ஏர்பேண்டில் இரைச்சலைக் கொட்டுகின்றன.

மின்வண்டிகள் வந்ததும் இந்த வேலை சற்றுக் கடினமாகியிருக்கிறது. 2025 முதல் சாங்கியின் வேலிக்குள் புதிதாகச் சேரும் இலகுரக வண்டிகளும் டிராக்டர்களும் ஃபோர்க்லிஃப்ட்களும் மின்சாரத்தில் ஓட வேண்டும் என்று குழுமம் முடிவெடுத்தது. மின்வண்டியின் இன்வெர்ட்டர் மிக வேகமாக மின்சாரத்தை அறுத்து அறுத்துக் கொடுப்பதால் அதுவே ஓர் இரைச்சல் நிலையம். ஆகவே ரேடியோ, பெரிய பேட்டரியைத் தொடாமல் சிறிய 12 வோல்ட் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். அதன் கம்பிகள் மோட்டார் கம்பிகளோடு ஒட்டி ஓடக் கூடாது.

கருவி சரியான பின் மிச்சம் இருப்பது பேச்சு. தொழிலாளர்கள் தங்களுக்குள் தமிழிலோ மலாயிலோ மாண்டரினிலோ பேசிக்கொள்ளலாம்; டவரோடு பேசும்போது ஆங்கிலம், அதிலும் எண்ணி வைத்த சொற்கள் மட்டுமே. இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றுபோலக் கேட்கும் என்பதால் ஆங்கில ஐந்தை 'ஃபைஃப்' என்றும் ஒன்பதை 'நைனர்' என்றும் உச்சரிப்பது விதி. எழுத்துகளுக்கு 1956 முதல் நடைமுறையில் உள்ள ஆல்ஃபா, பிராவோ, சார்லி வரிசை. சாங்கியில் இந்தச் சொல் துல்லியத்துக்குக் கூடுதல் பொருள் இருக்கிறது. மூன்று ஓடுபாதைகளும் ஒரே திசையை நோக்கியவை என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரு முனையில் எண் 02, மறுமுனையில் 20. இடது, நடு, வலது என்ற ஒரே சொல்தான் அவற்றைப் பிரிக்கிறது. ஆய்வு வண்டியின் அழைப்புப் பெயர் 'செக்கர் டூ' என்று வைத்துக்கொண்டால், 'செக்கர் டூ, கிராஸ் ரன்வே ஜீரோ டூ சென்டர்' என்று டவர் சொன்னதும் ஓட்டுநர் அதே சொற்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் 'ரோஜர்' செல்லாது. 'கேட்டேன்' என்பது வேறு, 'இதைக் கேட்டேன்' என்பது வேறு. கடந்து முடித்ததும் 'ரன்வே வெகேட்டட்' என்று சொல்லும் வரை அந்த ஓடுபாதை அவருக்காகக் காத்திருக்கிறது.

இந்தக் கட்டுப்பாடு மிகையோ என்று நினைப்பவர்கள் பெரு நாட்டின் லிமாவைப் பார்க்கலாம். 2022 நவம்பர் 18 அன்று தீயணைப்பு வண்டிகள் ஒரு பயிற்சிக்காக ஓடுபாதைக்குள் நுழைந்தன. அதே நேரத்தில் ஒரு லாட்டாம் விமானம் எழுந்து பறக்க ஓடிவந்து ஒரு வண்டியில் மோதியது. விமானத்தில் இருந்தவர்கள் தப்பினர். வண்டியிலிருந்த தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தனர். கூட்டுத் திட்டமிடலில் குறையும் துல்லியமற்ற சொற்களும் காரணங்களாக விசாரணையில் சுட்டப்பட்டன.

சரியாகத் திருப்பிச் சொன்னாலும் போதாத வேளை உண்டு. அதைச் சிங்கப்பூர் நன்றாக அறியும். 2000 அக்டோபர் 31 அன்று தைப்பேயில், புயல் மழைக்கு நடுவே, சிங்கப்பூர் ஏர்லைன்சின் எஸ்க்யூ 006 விமானத்துக்கு 05 இடது ஓடுபாதை தரப்பட்டது. விமானிகள் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். ஆனால் விமானம் நின்றது, பழுதுபார்ப்புக்காக மூடப்பட்ட 05 வலதில். பறக்க ஓடியபோது அங்கே இருந்த கட்டுமான இயந்திரங்களில் அது மோதி, 179 பேரில் 83 பேர் இறந்தனர். அந்த நிலையத்தில் அப்போது தரை ரேடார் இல்லை. ரேடியோ ஓட்டுநரின் குரலைத்தான் காட்டும், அவர் நிற்கும் இடத்தைக் காட்டாது. தரை ரேடாரும், வண்டிகளின் இருப்பிடத்தைக் கோபுரத்துத் திரையில் காட்டும் டிரான்ஸ்பாண்டரும், ஓடுபாதை வாசலில் எரியும் சிவப்பு நிறுத்த விளக்குகளும் அந்தக் குறையை நிரப்ப வந்தவை. அந்தச் சிவப்பு எரியும்போது வண்டி அதைத் தாண்டக் கூடாது.

அன்றாடத்தில் தொல்லை தருவது ஒரு சின்ன விஷயம். மைக் இருக்கை இடுக்கில் விழுந்து பொத்தான் அழுந்திக்கொண்டால், அந்த ஒரு வண்டி முழு அலைவரிசையையும் அடைத்துவிடும். வேறு யாரும் பேச முடியாது. அடைத்தவருக்கே அது தெரியாது. மைக்கைக் கொக்கியில் மாட்டுவதும், ரேடியோவின் பேச்சு விளக்கை அவ்வப்போது பார்ப்பதும், குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தானே பேச்சைத் துண்டிக்கும் வசதியை இயக்கி வைப்பதும் இதற்கு மருந்து.

பொதுமக்களின் ரேடியோ இந்த உலகத்தோடு கலக்கக் கூடாது. பயணத்தில் வண்டிக்கு வண்டி பேசப் பயன்படும் அரை வாட், 446 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கிகளுக்குச் சிங்கப்பூரில் தனி உரிமம் தேவையில்லை. ஏர்பேண்டில் பேசுவதற்கு அந்தச் சலுகை கிடையாது.

ரேடியோ நடுவழியில் செத்துப்போனால் டவர் விளக்கால் பேசும். விட்டுவிட்டு மின்னும் பச்சை, கடந்து போகலாம் என்பதற்கு. அணையாத சிவப்பு, நில் என்பதற்கு. மின்னும் சிவப்பு என்றால் ஓடுபாதையையோ டாக்சிவேயையோ விட்டு விலகி விமானம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மின்னும் வெள்ளை, அந்தப் பகுதியிலிருந்தே வெளியேறச் சொல்வது. ஓடுபாதையின் விளக்குகளே மின்னத் தொடங்கினால் உடனே வெளியேறி, கோபுரத்தை நோக்கித் திரும்பி, அடுத்த விளக்குக்காக நிற்க வேண்டும்.